நூலகத்துக்கு வராதவர்களின் புத்தகங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் என்று எந்த ஊரில் நூலகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான் வருகிறது. “இப்ப யாருங்க லைப்ரரிக்கு வர்றாங்க? குரூப் ஃபோர் படிக்கிற பசங்க வர்றாங்க. பேப்பர் பார்க்கப் பெரியவங்க நாலு பேர் வர்றாங்க. கைடு வாங்கிப் போடுங்க, பேப்பர் போடுங்க, போதும்.” கவுன்சிலர் சொல்கிறார், ஆசிரியர் சொல்கிறார், புத்தகத்தின் மேல் உண்மையான பிரியம் உள்ளவர்களும் சொல்கிறார்கள். வருகிறவர் யாரென்று பார், அவருக்கு வேண்டியதை வாங்கு, மற்றதில் காசை வீணாக்காதே என்பதுதான் இதன் சாரம். கேட்பதற்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் இது தவறான கருத்து. தோல் தொழிலை நம்பி வாழும் இந்த வட்டாரத்துக்கு இது பெரிய தீங்கையும் செய்துகொண்டிருக்கிறது.

வருகிறவர்களை எண்ணி நூல் வாங்குகிறோம். வாங்கிய நூலுக்கு ஏற்றவர்களே வருகிறார்கள். பிறகு அவர்களையே மறுபடி எண்ணுகிறோம். சில ஆண்டுகள் இப்படியே ஓடினால் அலமாரி முழுக்கப் பொது அறிவுக் கையேடுகள் நிற்கும், மேசை முழுக்கத் தேர்வு எழுதுபவர்கள் இருப்பார்கள். அப்போது, “பார்த்தீர்களா, நான்தான் சொன்னேனே” என்று இதே கருத்துக்காரர் எழுந்து நிற்பார். செருப்பு மட்டும் விற்கும் கடையில் உட்கார்ந்துகொண்டு, இந்த ஊரில் ஒருவருக்கும் ஷூ தேவையில்லை என்று முடிவு கட்டுவது போன்ற கணக்கு இது. வருகைப் பதிவேடும் இரவல் பதிவேடும் நூலகம் யாரை ஈர்த்தது என்பதைச் சொல்லும். யாரைத் திருப்பி அனுப்பியது என்று எழுதிவைக்க எந்தப் பதிவேடும் கிடையாது. ஒருமுறை உள்ளே வந்து, தனக்கென்று ஒன்றும் இல்லை என்று கண்டு வெளியேறியவர் அதோடு ‘வாசிக்கும் பழக்கம் இல்லாதவர்’ கணக்கில் சேர்ந்துவிடுகிறார்.

அப்படியானால் இந்த ஊர்களில் இருப்பவர்கள் யார்?

காலையில் ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்கள் புறப்படுகின்றன. அவற்றில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஷூ கம்பெனிகளில் கட்டிங், ஸ்டிச்சிங் பிரிவுகளில் நாள் முழுக்க உழைத்துவிட்டு மாலை இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறவர்கள். தோல் பதனிடும் ஷாப்புகளில் டிரம்முக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்கும் நடுவே நிற்கும் ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானவர்கள் தலித்துகள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் வீட்டில் உருது பேசும் முஸ்லிம் குடும்பங்கள் தெருத்தெருவாக இருக்கின்றன. குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுபவர்களும் தறி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்குக் குடும்பங்கள். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்கும் வங்காளிகளும் ஜார்கண்டுக்காரர்களும் வடகிழக்கு மாநிலத்தவரும் இருக்கிறார்கள். அந்தத் தெருக்களில் சாப்பாட்டுக் கடைப் பலகையே வங்க எழுத்தில் இருக்கிறது. வியாபாரிக்குத் தன் ஊரில் யார் நடமாடுகிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. பொது நூலகம் மட்டும் தெரியாதது போல இருந்தால் எப்படி?

இவர்களுக்கு நூலகத்தின் மேல் உரிமை இருக்கிறது. அது யாருடைய தயவும் அன்று. 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பல ஆண்டுகள் போராடினார். தி.சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்து அதை நிறைவேற்றினார். அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு நூலக வரி. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்கென்று வசூலிக்கப்படுகிறது. சொந்த வீட்டுக்காரர் நேரடியாகக் கட்டுகிறார், குடியிருப்பவர் வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறார். ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கும் ஸ்டிச்சிங் பெண்ணின் காசும் மசூதித் தெருவில் உருதுப் பாட்டு கேட்டு வளர்ந்த கிழவரின் காசும் அதில் இருக்கின்றன. வசூலித்த அந்த வரியைச் சில உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் இழுத்தடிப்பது தனிக் கொடுமை. அது இருக்கட்டும். எல்லோரிடமும் வாங்கிய காசில், வந்து உட்காரும் ஒரு பிரிவினருக்கு மட்டும் நூல் வாங்குவது முறையாகாது.

ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளை நம் நூலகச் சுவர்களில் எழுதி வைக்கிறோம். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்கிறது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலும் தன் வாசகரைச் சென்றடைய வேண்டும் என்கிறது மூன்றாம் விதி. அதே 1931இல்தான் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்.  அன்று ‘வருகிறவர் கணக்கு’ பார்த்திருந்தால் அந்த வண்டி மன்னார்குடியைத் தாண்டியிருக்காது. சுவரில் விதியை எழுதிவிட்டு, அலமாரியில் அதற்கு நேர்மாறாக நடப்பது ரங்கநாதனுக்குச் செய்யும் மரியாதையாகாது.

“மக்கள் கேட்பதை வாங்குவதுதானே உலக வழக்கம்?” என்று கேட்பவர்கள் உண்டு. வழக்கமாக இருந்ததுண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் கவுன்டி நூலகம் 1970களிலும் 80களிலும் அதையே கொள்கையாக வைத்து அதிகம் போகும் நூலைக் குவித்தது. ஆனால் தேவையை அடிப்படையாக வைத்து நூல் தேர்வு பற்றி 1925இலேயே புத்தகம் எழுதிய பிரிட்டிஷ் நூலகர் லயனல் மெக்கால்வின்கூட எண்ணிக்கையை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதோடு, கேட்பது எவ்வளவு மதிப்புள்ளது, எத்தனை வகைப்பட்டது என்பதையும் எடைபோடச் சொன்னார். ஊரின் தேவை வேறு, வாசலில் நிற்கும் வரிசை வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதி நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். வங்கதேசத்திலிருந்து குடியேறிய உழைப்பாளிகள் நிறைந்த, ஏழ்மை மிகுந்த பகுதி அது. அங்கும் 1990களில் நூலகங்கள் காற்று வாங்கின. மூடிவிடலாம் என்று முடிவெடுக்காமல், நூலகத்துக்கு வராதவர்களிடமும் போய்க் கேட்டார்கள், ஏன் வரவில்லை, என்ன இருந்தால் வருவீர்கள் என்று. கடைத்தெருவுக்குப் பக்கத்தில் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்க வேண்டும் என்றார்கள். 2002இல் போ பகுதியிலும் 2005இல் வைட்சேப்பலிலும் ‘ஐடியா ஸ்டோர்’ என்ற பெயரில் புதிய நூலகங்கள் எழுந்தன. கூட்டம் தானாக வந்தது. வாசிப்புப் பழக்கம் ஒரே ஆண்டில் யாருக்கும் முளைத்துவிடவில்லை. அது ஏற்கெனவே இருந்தது, நூலகம்தான் அதைத் தேடிப் போகாமல் இருந்திருக்கிறது.

அடுத்து உருது. இதைப் பேசும்போது நல்லவர்களும் தயங்குகிறார்கள். “தமிழ்நாட்டு நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் வாங்கவே காசு பத்தவில்லை, இதில் உருது எதற்கு? இளைஞர்கள் இப்போது உருது படிப்பதுகூட இல்லையே” என்கிறார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருதுவழிப் பள்ளிகள் இருக்கின்றன. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரிக்கு நூறு வயது கடந்துவிட்டது. சென்னையில் 1927இல் தொடங்கிய ‘முசல்மான்’ நாளிதழ் காத்திபுகள் என்னும் எழுத்துக் கலைஞர்கள் கையால் எழுதியே அச்சேறியதாகப் பெயர் பெற்றது. படிப்பவர் இல்லாத மொழியில் ஒரு நாளிதழ் அத்தனை ஆண்டு நடக்காது. வீட்டில் உருது பேசிப் பள்ளியில் தமிழோ ஆங்கிலமோ படிக்கும் பிள்ளைக்கு உருது எழுத்து மறந்துபோவது உண்மை. மறந்துபோகிறது என்பதற்காக நூலகமும் அதைக் கைவிட்டால், மறதிக்கு நூலகமே துணைபோனதாகும்.

சிங்கப்பூரைப் பார்ப்போம். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேர்தான். இருந்தும் பொது நூலகங்களில் தமிழ் நூல்களுக்குத் தனி அலமாரி உண்டு, குழந்தைகளுக்குத் தமிழ்க் கதை நேரம் உண்டு, தமிழ் நூல்களை நூலக வாரியம் தொடர்ந்து வாங்குகிறது. அங்கே போய்வந்த நம் எழுத்தாளர்கள் அதைப் பெருமையோடு எழுதுகிறார்கள், நாமும் பெருமையோடு படிக்கிறோம். யாராவது ஒரு சிங்கப்பூர் அதிகாரி, “தமிழ் நூலை எடுப்பவர் குறைவு, அந்த இடத்தில் தேர்வுக் கையேடு வைக்கிறோம்” என்று சொன்னால் இங்கே எத்தனை கண்டனக் கூட்டம் நடக்கும்! நமக்குக் கிடைத்தால் நியாயம், ஆம்பூரின் உருது வீட்டுக்குக் கொடுத்தால் வீண் செலவு என்பது தமிழுக்குப் பெருமை சேர்க்காது. உருது எழுத்தாளர் குர்ரதுலைன் ஹைதரின் ‘அக்னி நதி’ தமிழில் வந்திருக்கிறது, மண்ட்டோ வந்திருக்கிறார். உருது மூலமும் தமிழாக்கமும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும் நூலகம் ஆம்பூரில் இல்லாமல் வேறு எங்கே இருக்க முடியும்?

அடுத்து வெளிமாநிலத்தவர். ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் 2015 ஜனவரி 31 அதிகாலையில் தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். அவர்கள் இங்கே வேலை செய்தார்கள், இங்கே கடையில் சாமான் வாங்கினார்கள், இங்கேயே செத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வங்க இதழ், கொஞ்சம் கதைப் புத்தகம், தொழிலாளர் உரிமை பற்றி அவர்கள் மொழியில் ஒரு சிறு நூல் வாங்கி வைத்தால் நூலகத்தின் மொத்தச் செலவில் அது எவ்வளவு ஆகிவிடும்? சி.எம்.சி.க்கு வரும் நோயாளியின் கூட இருப்பவர் பகல் முழுக்க அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். வேலூர் நூலகத்துக்கு இவரைவிட நேரமும் பசியும் உள்ள வாசகர் கிடைக்க மாட்டார்.

‘வருகிறவர் கணக்கு’ முழுதாக மறைத்துவிடும் இன்னொரு வகை நூல் உண்டு. ஓர் ஊர் தன்னைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டிய நூல். பாலாற்றை எடுத்துக்கொள்வோம். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் விளைநிலத்தையும் கெடுத்ததை ஏற்று, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது அந்தத் தீர்ப்பு. நாட்டின் எந்தச் சட்டக் கல்லூரியிலும் சுற்றுச்சூழல் பாடம் அது இல்லாமல் நகராது. 2025 ஜனவரி 30 அன்றும் இதே பாலாறு, இதே தோல் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடி பேச வேண்டி வந்தது. டில்லி மாணவன் மனப்பாடம் செய்யும் இந்த வழக்கைக் கிணறு உப்பாகிப்போன விவசாயியின் பேரன் எங்கே போய்ப் படிப்பான்? எளிய தமிழில் அதன் வரலாறு, நிபுணர் குழு அறிக்கைகள், நிலத்தடி நீர் ஆய்வுகள், கூடவே தொழில் தரப்பின் வாதமும், இந்தத் தொழிலால் எத்தனை வீட்டில் அடுப்பெரிகிறது என்ற உண்மையும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்ட நூலகங்களிலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதை எந்த வாசகரும் வந்து கேட்கமாட்டார். இப்படி ஒன்று கிடைக்கும் என்று தெரியாத பொருளை ஒருவர் எப்படிக் கேட்பார்? தெரிந்து, தேடி, வாங்கி வைப்பதுதான் தேர்வு. கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுப்பதற்கு நூலகர் தேவையில்லை.

இலக்கியமும் இதில் அடக்கம். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் ‘தகப்பன் கொடி’யும் ‘வல்லிசை’யும் எழுதியிருக்கிறார். ராணிப்பேட்டை வட்டாரத்தின் கவிப்பித்தன் ‘நீவாநதி’ எழுதியிருக்கிறார். மற்ற மாவட்டத்துக்கு இவை ஒரு படி போதும் என்றால் இங்கே ஒவ்வொரு கிளைக்கும் பல படிகள் வேண்டும். தோலைத் தொட்டவர் என்பதற்காகவே ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட மனிதரின் பேத்தி, தன் வீட்டுக் கதை அச்சில் இருப்பதைக் காண்பதற்கும் அதைக் காணாமலே வளர்வதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

ஷூ கம்பெனிப் பெண்களுக்கு என்ன வாங்குவது என்று கேட்டால் உடனே தையல் கற்றுக்கொள்ளும் நூலையும் சேமிப்பின் சிறப்பையும் நீட்டுகிறார்கள். நாள் முழுக்கத் தைத்துவிட்டு வருபவளிடமா தையல் நூல்? அவர்களில் பலர் ரமணிசந்திரன் படிப்பார்கள், படிக்கட்டும், தாராளமாக வாங்கி வையுங்கள். அதற்குப் பக்கத்தில் அம்பையையும் ராஜம் கிருஷ்ணனையும் வையுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., மகப்பேறு விடுப்பு பற்றித் தெளிவான தமிழில் வந்த நூல்களை வையுங்கள். பிள்ளைக்கு வீட்டில் வாசித்துக்காட்டப் படக்கதைகள் நிறைய வேண்டும். நம் பொது நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். கம்பெனி விடுமுறை விடும் அந்த ஒருநாளில் அந்தப் பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதற்குக் காரணமாக அலமாரியில் ஏதாவது இருக்க வேண்டுமே.

தேர்வு எழுதும் இளைஞர்களை நான் மறக்கவில்லை. அவர்களுக்கு எதிராக இதில் ஒரு சொல்லும் இல்லை. வீட்டில் ஒரே அறை, அதில் டிவி, அதில் தம்பி தங்கை. அமைதியான ஒரு மேசையும் மின்விசிறியும் கழிப்பறையும் அவர்களுக்கு எந்தப் புத்தகத்தையும்விட முக்கியம். அவற்றைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் குரூப் 4 தேர்வுக்கு அடிப்படை நம் பள்ளிப் பாடநூல்கள், அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கையேடுகளோ அடுத்த அறிவிப்பு வந்ததும் பழசாகிவிடும். நடப்பு நிகழ்வு நூலுக்கு ஆயுள் ஓராண்டு. நிரந்தரமாக நிற்க வேண்டிய தொகுப்பின் பணத்தை அதில் கொட்டுவது சரியில்லை. போட்டித் தேர்வர்களை மனத்தில் வைத்தே பல நகரங்களில் அறிவுசார் மையங்கள் எழுந்திருக்கும்போது, கிளை நூலகத்தையும் அதே அச்சில் வார்க்க அவசியமும் இல்லை. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். வேலை கிடைக்காத லட்சக்கணக்கானவர்கள் நாளைக்கு ஷூ கம்பெனிக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ பெங்களூருக்கோ போவார்கள். தேர்வு முடிந்த மறுநாள் அவர்களுக்குக் கொடுக்க நூலகத்தில் ஒன்றுமில்லை என்றால், தேர்வர்களுக்கும் நாம் உதவியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

“எல்லாம் போனில் இருக்கிறதே” என்பது கடைசி அஸ்திரம். போன் தானாக ‘தோல்’ நாவலை நீட்டாது. பாலாற்று வழக்கின் நம்பகமான தமிழ் வரலாற்றையும் நீட்டாது. ஆறு வயதுக் குழந்தை மடியில் விரித்துப் பார்க்கும் படப்புத்தகம் போனில் இல்லை. போனில் இருப்பதை யாரோ ஒரு கம்பெனி தன் லாபத்துக்குத் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது.

சரி, யார் தேர்ந்தெடுப்பது? தமிழ்நாட்டில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. பதிப்பாளர்கள் மாதிரிப் படி கொடுப்பார்கள், மாநிலத் தேர்வுக் குழு பார்க்கும், பக்கக் கணக்கில் விலை போடுவார்கள், நூற்றுக்கணக்கில் வாங்கி மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். நீண்ட காலம் நடந்துவந்த முறை இது. ஆம்பூருக்குப் போகும் கட்டும் கும்பகோணத்துக்குப் போகும் கட்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்ததற்கு இந்த மொத்தக் கொள்முதலே காரணம். 2024இல் அரசு வெளிப்படையான கொள்முதல் கொள்கையை அறிவித்து, பதிப்பாளர்கள் இணையத்தில் பதிந்துகொள்ள வழி செய்தது. வாசகர் விருப்பத்தையும் கேட்போம் என்றது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் இணையத்தில் விருப்பம் தெரிவிப்பவர் யார்? ஏற்கெனவே நூலகத்துக்கு வருபவர், அவர்களிலும் கணினி பழகியவர். ஆகவே பழைய கணக்கு புதிய திரையில் மறுபடி ஓடும் ஆபத்து இருக்கிறது.

அதைத் தடுக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்தின் கொள்முதல் தொகையிலும் ஒரு பங்கை அந்த மாவட்டமே செலவிடும்படி ஒதுக்க வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் நூலக ஆணைக்குழு உருது, தெலுங்கு நூல்களுக்கும் உள்ளூர்த் தொகுப்புக்கும் தனித்தனியே தலைப்பிட்டுத் தொகை ஒதுக்கி, வாங்கிய பட்டியலை நூலக வாசலில் ஒட்ட வேண்டும். உருது நூலைத் தேர ஊர்ப் பள்ளிகளின் உருது ஆசிரியர்களையும் உருது அகாதெமியையும் கேட்கலாம். தொழிலாளர் நூலுக்குத் தொழிற்சங்கங்களைக் கேட்கலாம். வாசகர் வட்டங்கள் நூலகத்துக்குள்ளேயே கூட்டம் நடத்திக்கொள்வதை விட்டு, ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலுக்கும், தொழுகை முடியும் நேரத்தில் மசூதித் தெருவுக்கும், சி.எம்.சி.க்கு எதிர்ச் சந்துக்கும் ஒரு நோட்டோடு போய், என்ன புத்தகம் இருந்தால் வருவீர்கள் என்று எழுதி வாங்கி வர வேண்டும். அடுத்த கொள்முதலுக்கு முன்பாக அந்த நோட்டு மாவட்ட நூலக அலுவலர் மேசைக்குப் போக வேண்டும். வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும், ஆனால் முதலில் திறக்க வேண்டியது அந்த நோட்டு.